ஷோரூமில் மாவு விற்ற சிந்தாமணி

பெரம்பலூர் துறைமங்கலத்தில் சிந்தாமணியின் இட்லி மாவு தெரியாத வீடு என்று ஒன்று இருந்தால், அது போன வாரம் குடிவந்த வீடாக இருக்கும். நானும் அப்படிக் குடிவந்தவன்தான். வீட்டுக்காரர் முதலில் தண்ணீர் மோட்டார் சுவிட்ச் இருக்கும் இடத்தைக் காட்டினார். அடுத்ததாக சிந்தாமணியின் வீட்டைக் காட்டினார்.

சிந்தாமணி பிறந்தது விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில். அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் வயலில் கூலிக்கு நின்றவர்கள். வேல்முருகனைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்த பிறகு, செட்டிகுளத்தில் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுக்கும் கூலி வேலைக்குப் போனார். பிறகு அதை விட்டுவிட்டு வீட்டிலேயே மாவு ஆட்டி விற்க ஆரம்பித்தார். வேல்முருகனுக்கு ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் ஒப்பந்த வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது அவரும் மாவு மாதிரிதான் இருப்பார்.

“உழைச்சு முன்னேறிட்டீங்க” என்று ஒருமுறை சிந்தாமணியிடம் சொன்னேன்.

“முன்னேறலைங்க, எடம் மாறுனேன். வெங்காயத்துல கண்ணு எரிஞ்சுது. இதுல இடுப்பு வலிக்குது” என்றார்.

மாவு வியாபாரத்துக்கு கிரைண்டர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் பிரிட்ஜ். பெரம்பலூர் வெயிலில் காலையில் ஆட்டிய மாவு மத்தியானத்துக்குள் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். பழைய சின்ன பிரிட்ஜ் போதவில்லை. பெரியதாக ஒன்று வாங்க வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள்.

அதுவரை அந்த வீட்டுக்கு வேண்டிய மின்சாதனங்கள் எல்லாம் கடைவீதியில் இருந்த கிருஷ்ணமூர்த்தியின் கடையில்தான் வாங்கியவை. கிருஷ்ணமூர்த்தி அறுபதைத் தொட்டவர். நல்ல சாமானாகத்தான் வைத்திருப்பார். பழுதென்றால் அவரே ஸ்கூட்டரில் வந்து நிற்பார். ஆனால் கடைக்கு வருகிறவரை “வாங்க” என்று கூப்பிடும் பழக்கம் எல்லோரிடமும் கிடையாது. சிலரிடம் உண்டு.

அதுதான் சிந்தாமணிக்கு உறுத்தியது. ஒருநாள் கிரைண்டர் பெல்ட் வாங்கப் போயிருந்தார். பக்கத்தில் ஒரு டீச்சர் மின்விசிறி பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்கம்மா, உக்காருங்க. மெதுவா பாருங்க” என்று கிருஷ்ணமூர்த்தி டீச்சரிடம் சொன்னார். அதே மூச்சில் இந்தப் பக்கம் திரும்பி, “என்னா, நீ மறுபடியும் வந்துட்ட? அளவுக்கு மேல அரிசியப் போட்டா பெல்ட்டு அறுவாம என்ன செய்யும்?” என்றார்.

டீச்சருக்குச் சிந்தாமணியைவிட வயது குறைவு. சிந்தாமணி பெல்ட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவருடைய அப்பா விக்கிரமங்கலத்தில் மளிகைக் கடைக்கு வெளியே நின்றுதான் சாமான் வாங்குவார். கடைக்காரர் பொட்டலத்தைக் கையில் தரமாட்டார், தள்ளி வைப்பார். அந்தக் கடையைப் பற்றியும் அப்பா வீட்டில் வந்து எதுவும் சொன்னதில்லை.

அதனால் பெரிய பிரிட்ஜ் என்றதும் சிந்தாமணி வேல்முருகனை அழைத்துக்கொண்டு நான்கு ரோட்டுப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த பெரிய ஷோரூமுக்குப் போனார். பல ஊர்களில் கிளைகள் இருக்கும் கடை அது. வாசலில் நின்ற காவலாளி கதவைத் திறந்து கைகூப்பினார். சிந்தாமணி தங்கள் இருவருக்கும் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை.

உள்ளே ஏசி, சோபா. ஒரு பெரிய இரட்டைக் கதவு பிரிட்ஜிலிருந்து குளிர்ந்த மாம்பழ ஜூஸ் எடுத்துக் கொடுத்தார்கள். விற்பனைப் பையன்கள் எல்லோரும் “மேடம்” என்றார்கள். வேல்முருகனை “சார்” என்றார்கள். வேல்முருகனுக்குக் கூச்சமாகப் போய், காலைச் சோபாவுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருவரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் அதுதான் என்பதால், இன்றும் அது அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

பிரிட்ஜ் வந்தது. மாசி வரை நன்றாக ஓடியது. பங்குனி வெயில் ஆரம்பித்ததும் அது குளிரவைப்பதை நிறுத்திவிட்டது. விளக்கு எரிந்தது, சத்தம் வந்தது, உள்ளே வைத்த மாவு மட்டும் வெளியே வைத்த மாவைவிட வேகமாகப் புளித்தது.

சிந்தாமணி வாரண்டி அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார். “உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது” என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டு வீணை வாசிக்க ஆரம்பித்தது. ரொம்ப நேரம் வாசித்தது. கடைசியில் ஒரு பையன் பேசினான். நாளைக்கு ஆள் வரும் என்றான். நாளைக்கு ஆள் வரவில்லை. சிந்தாமணி நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தார். கறிவேப்பிலை வாங்கக்கூட வெளியே போகவில்லை. சாயங்காலம் போனுக்கு ஒரு செய்தி வந்தது: வாடிக்கையாளர் வீட்டில் இல்லை, புகார் முடிக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தரவும்.

மதிப்பெண் குறைத்துக் கொடுத்தால் வருகிற ஆளும் கோபித்துக்கொண்டு வராமல் போய்விடுவான் என்று நினைத்து, சிந்தாமணி ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்.

மறுநாள் திரும்பவும் போன் செய்தபோது வேறு ஒரு பையன் எடுத்தான். “மேடம், நீங்க சர்வீஸ் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு ஃபைவ் ஸ்டார் குடுத்திருக்கீங்களே மேடம்” என்றான்.

“வராத ஆளுக்குத்தாங்க குடுத்தேன்.”

“தேங்க்யூ மேடம்” என்று அவன் போனை வைத்துவிட்டான்.

அன்றைக்கு டீக்கடைக்குக் கொடுக்க வேண்டிய மாவு வாளியையும் எடுத்துக்கொண்டு சிந்தாமணி நேரே ஷோரூமுக்குப் போனார். வாடிக்கையாளர் சேவை என்று எழுதியிருந்த மேசையில் பானுப்ரியா என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். புகாரை மறுபடியும் பதிவு செய்தாள்.

“நாங்க விக்கிறது மட்டுந்தான் மேடம். சர்வீஸ் கம்பெனியோடது. வெயிட் பண்ணுங்க, நான் அவங்களுக்குப் பேசுறேன் மேடம்.”

பானுப்ரியாவும் அதே எண்ணுக்குத்தான் போன் செய்தாள். அவளுக்கும் வீணை வாசித்தார்கள்.

நேரம் போனது. சிந்தாமணிக்கு வாளியின் மேல்தான் கண். “ஏம்மா, இது பொங்கிடும். ஒங்க ஜூஸ் பிரிட்ஜு ஓடுதுல்ல? அதுல செத்த நேரம் வச்சுக்கிடட்டுமா?” என்று கேட்டார்.

பானுப்ரியா சுற்றிலும் பார்த்தாள். அன்று காலையிலிருந்து வந்த யாருக்கும் அவளால் எதுவும் செய்து கொடுக்க முடிந்திருக்கவில்லை. “வைங்க மேடம்” என்றாள்.

எல்லாம் இதில்தான் ஆரம்பித்தது. மறுநாள் காலையில் சிந்தாமணி ஒரு ஷேர் ஆட்டோவில் இரண்டு வாளி மாவும், கட்டி வைத்த பாக்கெட்டுகளுமாக வந்து இறங்கினார். காவலாளி கதவைத் திறந்து கைகூப்பிவிட்டு, ஒரு வாளியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். ஜூஸ் பாட்டில்கள் மேல்தட்டுக்குப் போயின. மற்ற தட்டுகளில் மாவு உட்கார்ந்தது. சிந்தாமணி சோபாவில் உட்கார்ந்தார்.

துறைமங்கலத்து வாடிக்கையாளர்களுக்கு விஷயம் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. சாயங்காலம் தூக்குப் பாத்திரத்தோடு ஆட்கள் ஷோரூமுக்குள் வர ஆரம்பித்தார்கள். நானும் போனேன். காவலாளி எனக்கும் கைகூப்பினார். ஒரு விற்பனைப் பையன் என்னை டிவி வரிசைக்கு அழைத்துப் போய், ஒரு மலையிலிருந்து அருவி விழுவதைக் காட்டினான். நான் பார்த்துவிட்டு ஒரு பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஷோரூம் மேலாளர் பாலசுந்தரம் இதைத் தடுத்திருப்பார். ஆனால் அந்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்குப் பாராட்டு வந்துவிட்டது. வாசல் கேமரா உள்ளே வருகிற தலைகளை எண்ணும். பெரம்பலூர் கிளைக்கு வருகிறவர்கள் திடீரென்று பெருகிவிட்டார்கள் என்றும், மற்ற கிளைகள் இதைப் பின்பற்ற வேண்டும் என்றும் அலுவலகம் எழுதியிருந்தது. எதைப் பின்பற்ற வேண்டும் என்று எழுதவில்லை. பாலசுந்தரம் சிந்தாமணியைத் தாண்டிப் போகும்போது தலையை லேசாக அசைத்துவிட்டுப் போனார். பிரிட்ஜைப் பற்றி அவரும் பேசவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அலுவலகத்திலிருந்து வேறு கேள்வி வந்தது. இவ்வளவு பேர் வருகிறார்களே, ஏன் ஒருவரும் எதுவும் வாங்குவதில்லை என்று கேட்டார்கள். அன்றைக்குத்தான் பாலசுந்தரம் சோபாவுக்கு வந்தார்.

“மேடம், இது ஷோரூம் மேடம். இங்க வியாபாரம் பண்ணக்கூடாது மேடம்.”

“எனக்கும் இங்க வந்து ஒக்காரணும்னு ஆசையா சார்? எம் பிரிட்ஜு ஓடுனா நான் ஏன் வரேன்?”

“அது கம்பெனி பிராப்ளம் மேடம்.”

“இதுவும் கம்பெனி பிரிட்ஜுதான சார்” என்று சிந்தாமணி ஜூஸ் பிரிட்ஜைக் காட்டினார். இரண்டிலும் ஒரே கம்பெனிப் பெயர்தான் இருந்தது. பாலசுந்தரம் குனிந்து அந்தப் பெயரைப் படித்தார். பிறகு யாருக்கோ போன் செய்வதற்காக உள்ளே போனார்.

அந்த வாரம் உண்மையிலேயே ஒரு மெக்கானிக் சிந்தாமணி வீட்டுக்கு வந்தார். கம்ப்ரஸர் போய்விட்டது, உதிரிபாகம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் புகார் முடிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. சிந்தாமணி இந்த முறை நட்சத்திரம் கொடுக்கவில்லை. மறுநாள் வழக்கம்போல் வாளியோடு ஷோரூமுக்குப் போனார்.

அன்றைக்கு மாவு வாங்க வந்தவர்களில் கிருஷ்ணமூர்த்தியும் ஒருவர். அவர் வீட்டுக்கும் சிந்தாமணியின் மாவுதான். இத்தனை நாள் அவர் மனைவி துறைமங்கலத்தில் வாங்கிவந்தார். ஷோரூம் வரை நடக்க முடியாது என்று சொல்லிவிட்டதால் இவர் வந்திருந்தார். தன் கடை வியாபாரத்தில் பாதியைக் கொண்டுபோன இடத்துக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. காவலாளி கைகூப்பியதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் கைகூப்பினார்.

சிந்தாமணி பிரிட்ஜைத் திறந்து மாவு எடுப்பதைப் பார்த்தார்.

“என்னா இது? இங்க வந்து ஒக்காந்திருக்க? பிரிட்ஜுக்கு என்னா ஆச்சு ஒனக்கு?”

சிந்தாமணி நடந்ததைச் சொன்னார்.

“எங்கிட்ட வாங்கியிருந்தா இந்தக் கெதி வருமா? சரி வுடு. நாளைக்கு நீ வூட்டுல இரு, நான் வந்து என்னான்னு பாக்குறேன்.”

சிந்தாமணி மாவுப் பாக்கெட்டைக் கையிலேயே வைத்திருந்தார். “வாங்க. ஆனா நீ, வா, போன்னு சொல்லாம வர்றதா இருந்தா வாங்க” என்றார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் பானுப்ரியா கணினியிலிருந்து தலையைத் தூக்கிவிட்டாள்.

கிருஷ்ணமூர்த்திக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. “நான் எல்லாரையுந்தான் அப்படிச் சொல்றேன். ஒரு உரிமைல சொல்றதுதான்.”

“டீச்சரம்மாவ ‘வாங்கம்மா, உக்காருங்க’ன்னீங்க. நானும் பக்கத்துலதான் நின்னேன். அவங்க மேல ஒங்களுக்கு உரிமை இல்லியா?”

கிருஷ்ணமூர்த்தி பக்கத்திலிருந்த சலவை இயந்திரத்தின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார். மாவை வாங்காமலேயே போய்விட்டார்.

“ஏன்க்கா, வர்றேன்னவரையும் வுட்டுட்டீங்களே” என்றாள் பானுப்ரியா. அவள் ‘மேடம்’ சொல்ல மறந்தது இருவருக்கும் தெரியவில்லை.

“வரட்டும், வராம போவட்டும். சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்துச்சு. சொல்லிட்டேன்” என்றார் சிந்தாமணி. பாக்கெட்டைத் திரும்ப உள்ளே வைத்து பிரிட்ஜை மூடினார்.

மறுநாள் காலையில் துறைமங்கலத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கிருஷ்ணமூர்த்தி பையோடு வாசலில் நின்றார். “உள்ள வரலாமா?” என்றார். வேல்முருகன் இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவர், எழுந்து உட்கார்ந்தார்.

அன்று கிருஷ்ணமூர்த்தி பேசிய தமிழை சிந்தாமணி எனக்குப் பேசிக் காட்டியிருக்கிறார். ‘நீ’ சொல்லக்கூடாது என்று கிருஷ்ணமூர்த்தி முடிவு செய்திருந்தார். ‘நீங்க’ வாயில் வரவில்லை. அதனால் யாரும் இல்லாத ஒரு தமிழில் பேசினார். “பிளக்கப் புடுங்கணும்.” “லைட்டு போட்டா நல்லாயிருக்கும்.” “பிரிட்ஜு எப்ப நின்னுச்சுன்னு தெரிஞ்சா தேவல.” “குடிக்கத் தண்ணி கெடைக்குமா?” சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். சிந்தாமணியும் சுவருக்கே பதில் சொன்னார்.

பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்தார். “மெக்கானிக் சொன்னது சரிதான். கம்ப்ரஸர் காலி. வாரண்டி இருக்குறதால நாம கை வச்சா அதுவும் போயிடும். கம்பெனிக்காரந்தான் மாத்தணும்” என்றார். அவராலும் ஆகவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டியில் திரும்பி வந்தார். பின்னால் ஒரு பழைய சிவப்பு பிரிட்ஜ். யாரோ மாற்றிப் புதிது வாங்கிக்கொண்டு கடையில் போட்டுவிட்டுப் போனது. கதவு சரியாக மூடாததால் கயிறு கட்டியிருந்தது. ஓடும்போது நெல் அரவை மில் மாதிரி சத்தம் போட்டது. ஆனால் அரை மணியில் உள்ளே கை வைக்க முடியவில்லை, அவ்வளவு குளிர்.

“புதுசு சரியாவுற வரைக்கும் இது இங்க இருக்கட்டும்” என்று சுவரிடம் சொன்னார். பிறகு போகிற வழியில், முகத்தைத் திருப்பாமலேயே, “அந்த ஷோரூமுக்கு இனிமே போவ வேணாங்க” என்றார். கடைசியில் ஒரு ‘ங்க’ இருந்ததா, இல்லை இருமினாரா என்று வேல்முருகனுக்குச் சந்தேகம். இருந்தது என்பது சிந்தாமணியின் கட்சி.

சிந்தாமணி அதற்குப் பிறகும் ஷோரூமுக்கு ஒருமுறை போனார், மாவு இல்லாமல். பானுப்ரியா அவரைப் பார்த்ததும் குனிந்து மேசை இழுப்பறையில் எதையோ தேடுவது போல, “அக்கா, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போறேன்னு மேனேஜர்கிட்டச் சத்தமாச் சொல்லுங்க. கஸ்டமர் நெறையா இருக்குறப்பச் சொல்லுங்க” என்றாள். சிந்தாமணி ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்து, மறுபடியும் போய், கூட்டத்தின் நடுவில் நின்று சொன்னார். டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், “எங்கூட்டு ஏசியும் இப்படித்தாங்க கெடக்கு” என்றார். இன்னொருவரும் ஏதோ ஆரம்பித்தார். பாலசுந்தரம் எல்லோரையும் உட்காரச் சொல்லி ஜூஸ் கொடுத்தார்.

அந்த வாரக் கடைசிக்குள் புதிய பிரிட்ஜ் வந்தது. அது இன்றுவரை ஓடுகிறது. பாலசுந்தரத்துக்குப் பெரிய ஊர் ஒன்றில் பெரிய கிளைக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அந்தப் பங்குனியில் அவர் கடைக்கு வந்த தலைகளின் எண்ணிக்கையை இன்னும் எந்தக் கிளையும் தாண்டவில்லையாம். பானுப்ரியா அதே மேசையில் இருக்கிறாள். அரியலூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் துறைமங்கலத்தில் இறங்கி மாவு வாங்கிக்கொண்டு போகிறாள்.

சிவப்பு பிரிட்ஜை எடுத்துப்போகச் சொல்லி சிந்தாமணி ஆள் அனுப்பினார். கடையில் இடமில்லை என்று கிருஷ்ணமூர்த்தி சொல்லியனுப்பினார். வியாபாரம் பெருகிவிட்டதால் அதுவும் உதவியாகத்தான் இருக்கிறது. பெரிய கிரைண்டர் வாங்க வேண்டி வந்தபோது சிந்தாமணி கிருஷ்ணமூர்த்தி கடைக்குப் போனார். “வாங்க” என்றார் அவர். பிறகு உடனே, “சொன்னா கேக்கமாட்டீங்க, இதுலயும் அளவுக்கு மேல போட்டு ஒடைக்கத்தான் போறீங்க” என்றார். உட்காருங்க என்று மட்டும் சொல்லவில்லை. சிந்தாமணி அவராகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வேல்முருகனைக் கிருஷ்ணமூர்த்தி இன்னும் ‘வா, போ’ என்றுதான் கூப்பிடுகிறார். அதைப் பற்றிக் கேட்டால் சிந்தாமணி, “அது அவருதான் கேக்கணும். அவருக்கும் சேத்து நானே கேட்டா எப்புடி?” என்கிறார். வேல்முருகன் கேட்கிற மாதிரி தெரியவில்லை.

இந்தத் தை மாதம் சிந்தாமணி வீட்டு முன்னறையைக் கடையாக மாற்றியிருக்கிறார். போன வாரம் நான் போயிருந்தபோது ஒரு கல்லூரி விடுதிப் பெண் பாக்கெட்டோடு வந்து, மாவு புளித்துவிட்டது என்றாள்.

“எங்க வச்சிருந்தீங்க?”

“ரூம்லதான்க்கா. ஜன்னல்கிட்ட.”

“பெரம்பலூர் வெயில்ல ஜன்னல்ல வச்சா புளிக்காம இனிக்குமா? படிக்கிறீங்கதான?” என்று சிந்தாமணி உரக்கவே கேட்டார். அந்தப் பெண் முகம் வாடி நின்றாள்.

சிந்தாமணி உள்ளேயிருந்து புதுப் பாக்கெட் ஒன்றை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். பழையதை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

“இதையும் தூக்கிப் போட்டுடாதீங்க. ரெண்டு வெங்காயம் அறுத்துப் போட்டு ஊத்தப்பம் ஊத்துங்க, நல்லாயிருக்கும்” என்று அதையும் திருப்பிக் கொடுத்தார்.